வாழைக்காய் சொன்ன முதலமைச்சர்: மக்கள் வெறுப்பைப் பற்றி ஒரு வியாபாரியின் ஆய்வு

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சிந்தாமணியிலிருந்தோ நாலடியாரிலிருந்தோ எதையாவது எடுத்து எழுதித் தரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற மாதம் லேக் மார்க்கெட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

காய்கறிக் கடையில் நான்கு வாழைக்காய் எடுத்துத் தட்டில் வைத்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கலாம். சிரித்துக்கொண்டே, "என்ன தாதா, இன்னிக்கு பிரபுல்ல சேன் சாப்பாடா?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பிரபுல்ல சந்திர சேன் மேற்கு வங்க முதலமைச்சர் பதவியை இழந்தது 1967இல். இறந்தது 1990இல். அந்தக் கடைக்காரர் அவரை அறிந்திருக்கவே முடியாது. ஆனாலும் அந்த மனிதரின் பெயர் வாழைக்காயோடு ஒட்டிக்கொண்டு, சுமார் அறுபது வருஷமாகச் சந்தையில் உலவிக்கொண்டிருக்கிறது.

ஒரு தலைவரை மக்கள் இவ்வளவு வெறுப்பது எதனால்? அந்த வெறுப்பு நியாயமா, அநியாயமா? அதை எப்படிப் படிக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. ஆரணிப் பட்டும் பருத்திச் சேலையும் விற்றுப் பிழைக்க 1981இல் ஹவுரா மெயிலில் இங்கே வந்து இறங்கியவன். கடையை மூடிய பிறகு படித்ததுதான் என் படிப்பு. பிழை கண்டால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

யார் இந்தப் பிரபுல்ல சேன்?

1897இல் பிறந்தவர். காந்தியடிகளின் வழியில் வந்து, ஹூக்ளி மாவட்டத்தின் பின்தங்கிய பகுதியான ஆராம்பாக்கில் போய் உட்கார்ந்து கிராமப் பணி செய்தவர். அதனால் 'ஆராம்பாக்கின் காந்தி' என்றே பெயர் பெற்றவர். வெள்ளையர் சிறையில் பல ஆண்டுகள் கழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர்தான் கட்டினார். சுதந்திரம் வந்தபின் டாக்டர் பிதான் சந்திர ராய் அமைச்சரவையில் 1948 முதல் உணவுத் துறையைக் கவனித்தார். ராய் 1962 ஜூலை 1ஆம் தேதி மறைந்ததும் முதலமைச்சரானார். 1967 பிப்ரவரித் தேர்தலில் அதே ஆராம்பாக்கில், தன் பழைய தோழர் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். மொத்தமுள்ள 280 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 127. அதோடு அவர் ஆட்சி முடிந்தது.

கவனியுங்கள். இவர் மீது கொலைக் குற்றம் சொல்லலாம், அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் சொத்து சேர்த்தார் என்று யாரும் நிரூபித்ததில்லை. அப்படிப்பட்டவரைத்தான் அக்காலக் கல்கத்தா, டல்ஹௌசி சதுக்கத்திலுள்ள ஸ்டீபன் ஹவுஸ் என்ற பெரிய கட்டடமே அவருடையது என்று பேசிக்கொண்டது. அரிசி கிடைக்காத ஊரில் அந்தப் பேச்சு தீப்போல் பரவியது. ஆனால் அவர் கடைசிக் காலம் வரை எளிமையாகவே இருந்து இறந்தார்.

அந்த இரண்டு ஆண்டுகள்

1965இலும் 1966இலும் நாடெங்கும் மழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் தானிய விளைச்சல், மறு வருஷம் சுமார் 7.2 கோடி டன்னாக விழுந்தது. அதற்கடுத்த வருஷமும் பெரிதாகத் தேறவில்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அந்தக் கப்பலையும் ஜனாதிபதி ஜான்சன் மாதக் கணக்குப் பார்த்து அளந்து அளந்து விட்டார். 1966 ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாயிற்று. போதாக்குறைக்கு, ஒரு மாநிலத்து அரிசி இன்னொரு மாநிலத்துக்குப் போகக் கூடாது என்று உணவு மண்டலக் கட்டுப்பாடும் இருந்தது.

ஆக, பஞ்சத்தைப் பிரபுல்ல சேன் உண்டாக்கவில்லை. அவர் கையில் இருந்தது பங்கீடு மட்டும். அதை அவர் செய்யாமலும் இல்லை. 1965 ஜனவரியில் கல்கத்தாவிலும் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளிலும் சட்டப்படியான முழு ரேஷன் கொண்டுவந்தார். அரிசி மில்களுக்கும் பெரிய நிலக்காரர்களுக்கும் லெவி போட்டார். மாவட்டங்களிலிருந்து நகருக்குள் அரிசி வராதபடி வேலி கட்டினார். புத்தகக் கணக்கில் பார்த்தால் இதெல்லாம் சரிதான். நடைமுறையில் என்ன ஆனது? நிலக்காரர் லெவிக்கு ஒளித்தார். வியாபாரி விலைக்கு ஒளித்தார். ஏழைப் பெண்கள் ரெண்டு மூணு கிலோ அரிசியைப் புடவைக்குள் கட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் வந்து, போலீஸ்காரர் கையில் மாட்டிக்கொண்டார்கள். சட்டம் பெரிய மீனை விட்டுவிட்டு அயிரையைப் பிடித்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அரிசி இல்லாதவன் அவரை வெறுத்தது எல்லாருக்கும் தெரியும். அரிசி வைத்திருந்தவனும் அவரை வெறுத்தான், லெவி போட்டதற்காக. 1966இல் அஜய் முகர்ஜி தொடங்கிய பங்களா காங்கிரசின் பின்னே போன கிராமத்து வசதிக்காரர்களில் இந்த வகையினர் உண்டு. பசித்தவனும் பதுக்கியவனும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட தேர்தல் அது.

வெறுப்பு எங்கிருந்து வந்தது?

நான் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு வங்காளிப் பெரியவர் இருந்தார். அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இல்லை. 1966இல் வாலிபராக ஊர்வலங்களில் போனவர். ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன்: "தாதா, எங்க ஊர்ல வாழைக்காய் நல்ல காய். விசேஷத்துக்கு வாழைக்காய் வறுவல் இல்லாம இருக்காது. கிழங்கு தவிர்க்கிற எங்களைப் போன்ற ஜைனர்களுக்கு உருளைக்கு மாற்றே அதுதான். அதைச் சாப்பிடச் சொன்னதுக்கா ஒரு மனுஷனை இந்தப் பாடு படுத்தினீங்க?"

அவர் தன் கட்டை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி ஆட்டிக் காட்டினார். "இதுக்குப் பேரு என்ன தெரியுமா? காஞ்ச்கலா. வாழைக்காய் காட்டுறதுன்னா, உனக்கு ஒண்ணும் கிடையாது போடான்னு அர்த்தம். நாங்க சோறு கேட்டோம். அவர் இதைக் காட்டினார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வங்காள மொழியில் அது காய் மட்டும் அல்ல, ஏமாற்று. இன்று தமிழ்நாட்டில் ஒரு முதலமைச்சர் தட்டுப்பாட்டு நேரத்தில், "சத்துள்ள பண்டம், அல்வா சாப்பிடுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? அதேதான். பிரபுல்ல சேன் சத்துணவுக் கணக்குத்தான் சொன்னார். அரிசியைக் குறைத்து வாழைக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் கேட்டவர்கள் காதில் அந்தச் சொல்லின் மறுபொருள்தான் விழுந்தது. மேலும் வங்காளி வீட்டில் வாழைக்காய்க் குழம்பு வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கிற பத்தியம். பசித்தவனை நோயாளி என்று சொன்னது மாதிரியும் ஆயிற்று.

இது ஒரு காரணம். என் வாசிப்பில் இன்னும் நான்கு தெரிகின்றன.

ஒன்று, 1943. வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். கல்கத்தாத் தெருக்களில் மக்கள் சோறு கேட்கக்கூடத் தெம்பில்லாமல் வடித்த கஞ்சி கேட்டுச் செத்தார்கள். 1966இல் நாற்பது வயதான ஒவ்வொருவருக்கும் அந்தக் குரல் காதில் இருந்தது. அரிசிக்குப் பதில் வேறொன்று என்று யார் சொன்னாலும் அவர்களுக்கு 1943 திரும்பி வருகிறது என்றுதான் பொருள்.

இரண்டு, சந்தேஷ். பால் குழந்தைகளுக்கு வேண்டும் என்று 1965இல் சானா இனிப்புகளுக்கு அரசு தடை போட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் சந்தேஷும் ரசகுல்லாவும் இல்லாமல் வங்காளி வீட்டில் பிறப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. சோற்றில் கை வைத்த அரசு இனிப்பிலும் கை வைத்தது என்று ஜனங்கள் பேசினார்கள்.

மூன்று, நீண்ட காலம். 1948 முதல் உணவு என்றால் பிரபுல்ல சேன். 1959 ஆகஸ்ட் 31இல் உணவு கேட்டு வந்த பெருங்கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்து, 80 பேர் மாண்டதாக இயக்கத்தினர் சொன்னபோதும் உணவு அமைச்சர் அவர்தான். பதினெட்டு வருஷப் பழைய பாக்கி ஒரே பேரேட்டில் ஏறிக் கிடந்தது. வியாபாரிகளுக்கு இது புரியும். கடைசி வரவு சின்னதாக இருந்தாலும் கணக்கு முடிக்கும்போது பழைய பாக்கி முழுவதும் கூடித்தான் வரும்.

நான்கு, ரத்தம். 1966 பிப்ரவரியில் பசீர்ஹாட் பகுதியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டு மக்கள் கிளம்பினார்கள். சொரூப்நகரில் போலீஸ் சுட்டதில் நூருல் இஸ்லாம் என்ற பள்ளி மாணவன் இறந்தான். மறு மாதம் கிருஷ்ணநகர் முதலான ஊர்களிலும் துப்பாக்கி வெடித்தது. மார்ச் மாதம் மாநிலமே கடையடைத்தது. பசித்த பையனைச் சுட்ட பிறகு எந்தச் சத்துணவு விளக்கமும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

திருக்குறளில் 'கொடுங்கோன்மை', 'வெருவந்தசெய்யாமை' என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலதிகாரத்தில், பொறுக்க முடியாமல் மக்கள் அழுத கண்ணீரே அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிறார் வள்ளுவர். அடுத்ததில், கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அவன் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறார். இரண்டு இடத்திலும் 'தேய்க்கும்' என்ற ஒரே வினையைப் போட்டிருப்பதை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. உடைக்கும் என்று சொல்லவில்லை, வெட்டும் என்றும் சொல்லவில்லை. வெறுப்பு ஒரே நாளில் வருவதில்லை, அரம் போலத் தேய்த்துக்கொண்டே வருகிறது. சொல்லையும் தண்டனையையும் அவர் ஒரே அரத்தின் இரண்டு பக்கமாக வைத்திருக்கிறார். வாழைக்காய் ஒரு பக்கம், சொரூப்நகர் மறுபக்கம்.

ஒரு ஆட்சேபம் வரலாம். 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும்தானே வாரத்தில் ஒருவேளை பட்டினி இருங்கள் என்றார்? திங்கட்கிழமை இரவு ஓட்டல்களே மூடிக் கிடந்தனவே! அவரை யாரும் வெறுக்கவில்லையே? உண்மை. ஆனால் அது யுத்த காலம். அவர் கேட்டது விரதம். விரதம் இருப்பவனுக்கு ஒரு கௌரவம் உண்டு. அவன் கொடுக்கிறவன் ஆகிறான். மாற்றுக்காய் தின்னச் சொல்லப்பட்டவன் வாங்குகிறவனாகவே இருக்கிறான். தவிர, சாஸ்திரியின் பெயர் ரேஷன் கடை வரிசையில் அன்றாடம் அடிபட்ட பெயர் அல்ல. பிரபுல்ல சேன் சாஸ்திரிக்குக் குறையாத எளிமைக்காரர்தான். எளிமை மட்டும் ஒரு தலைவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம்ம ஊரில்

இதே 1897இல் பிறந்த இன்னொரு காந்தியவாதி, இதே 1967 பிப்ரவரியில் நம் சென்னை மாகாணத்தில் தோற்றார். அவர்தான் எம். பக்தவத்சலம். 1963 அக்டோபர் 2இல் காமராஜர் பதவி விலகியபின் முதலமைச்சரானவர். அவரும் சிறை சென்ற தியாகி, படிப்பாளி, நிர்வாகி. 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அவர் அரசு அடக்கிய முறையில் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் அவர்களில் ஒருவர். இயக்கத்தினர் சொன்ன எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

அதன்பின் அரிசித் தட்டுப்பாடு வந்தது. அவரை அண்ணாச்சி என்று விளித்து, அரிசி விலை என்னாச்சு என்று எதுகையோடு கேட்கும் முழக்கம் ஊருக்கு ஊர் ஒலித்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்களித்தது. முதலமைச்சர் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். தேர்தல் முடிவைக் கேட்ட பக்தவத்சலம் நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்றார். அந்தச் சொல் இன்றுவரை அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரபுல்ல சேனோடு வாழைக்காய் ஒட்டியது மாதிரியே. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பிரபுல்ல சேன் அறியாமல் அவமதித்தார். பக்தவத்சலம் அறிந்தே மக்களின் கோபத்தை நோய் என்றார். முன்னதை மன்னிக்கலாம். பின்னது, தலைவர் ஒருவர் கோபத்தின் காரணத்தைக் கேட்க மறுத்ததன் அடையாளம்.

இரண்டு பிழையான வாசிப்புகள்

பிரபுல்ல சேனைப் பற்றி இன்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒரு தரப்பு, மக்கள் வெறுத்தார்கள், ஆகவே அவர் கொடியவர் என்கிறது. இன்னொரு தரப்பு, அவர் நேர்மையானவர், ஆகவே மக்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்கிறது. ஸ்டீபன் ஹவுஸ் பொய்யைக் காட்டி, அந்த முழுக் கோபமும் கட்சிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் சமயத்தில் அநேகாந்தவாதம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல முகம். ஒரு முகத்தைப் பார்த்தவன் அதுவே முழுதும் என்று சொன்னால் அது பொய்க்குச் சமம். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் இரண்டு தரப்பும் தோற்கும். முதல் தரப்பு வெறுப்பைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் தரப்பு அதை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுகிறது. என் கருத்து, வெறுப்பு ஒரு தீர்ப்பும் அல்ல, மயக்கமும் அல்ல. அது ஒரு பிராது. பிராது கொடுத்தவனின் காயம் உண்மையாக இருக்கும், ஆனால் அவன் சொல்லும் பிரதிவாதியின் பெயர் தப்பாக இருக்கக்கூடும்.

ஸ்டீபன் ஹவுஸ் வதந்தியை இப்படிப் பார்த்தால் புரியும். மழை பொய்த்தது, கப்பல் தாமதம், மண்டலக் கட்டுப்பாடு என்ற விளக்கமெல்லாம் வரிசையில் நிற்கிறவனுக்கு ஆறுதல் தராது. என் சோற்றை யாரோ தின்றிருக்க வேண்டும் என்று அவன் மனம் தேடும். அவன் தேடியது முழுத் தவறும் இல்லை. தின்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஸ்டீபன் ஹவுசில் இல்லை.

எங்கள் வீட்டு உமி

அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியன் அல்ல.

நான் பிறந்தது 1957இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டம் ஆரணிப் பக்கம். அப்பாவுக்கு நெல் மண்டி. பெரிய மண்டி இல்லை, ஆனாலும் மண்டிதான். 1966 முடிவில், தேர்தலுக்கு முந்திய மாதங்களில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நெல் அவித்த உமி மலையாகக் குவிந்திருந்தது. அதன் மேல் ஏறி விளையாடக் கூடாது என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்பது வயதுப் பையன் கேட்பானா? ஏறிக் குதித்தேன். காலுக்குக் கீழே மூட்டை தட்டியது. தோண்டிப் பார்த்தேன். அறுபது மூட்டைக்குக் குறையாது.

அதே வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கடைத்தெருவில் அரிசி விலை கேட்கும் அந்த முழக்கத்தைக் கத்திக்கொண்டு போனேன். அப்பா மண்டித் திண்ணையில் நின்று பார்த்தார். அதட்டவில்லை. சிரித்தார். லெவி போட்ட அரசு போக வேண்டும் என்பது அவருடைய விருப்பமும்தான் என்று பின்னால் தெரிந்தது.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. நெசவுத் தெருவிலிருந்து ஒரு அம்மா பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நயினாரே, இதை வச்சுக்கிட்டு ரெண்டு படி அரிசி குடுங்க. புள்ளைங்க ரெண்டு நாளா கூழுதான்" என்றார். அப்பா கையை விரித்தார். "எங்கம்மா இருக்குது? கவர்மெண்ட்டு எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டான்" என்றார். அந்த அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்த முதல் மந்திரி நாசமாப் போக" என்று மண்ணை வாரித் தூற்றினார். அப்பா "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்கு முன் வழக்கம்போல் எல்லாரும் சாப்பிட்டோம். இருட்டில் சாப்பிட்டால் பூச்சி விழும், உயிர்க்கொலை ஆகும் என்று தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற வீடு எங்கள் வீடு.

1983இல் அப்பா படுக்கையில் இருந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். இதைக் கேட்டேன். கோபப்படவில்லை. "நான் மட்டுமாடா? ஊரே வச்சிருந்தது" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஊரே வைத்திருந்தது, ஊரே பக்தவத்சலத்தைத் திட்டியது.

நான்கு கஷாயங்கள்

ஆன்மாவைக் கறைப்படுத்துகிற கஷாயங்கள் நான்கு என்று ஜைன நூல்கள் சொல்லும்: கோபம், மானம், மாயை, லோபம். ஒரு தலைவர்மீது மூண்ட மக்கள் வெறுப்பைப் படிக்க இதைவிட நல்ல வாய்ப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை.

பசித்தவனுடையது கோபம். அது பெரும்பாலும் நியாயம். நெசவுத் தெரு அம்மாவுடையது அதுதான். மாநிலத்துக்கு ஏற்பட்ட அவமானம் என்று படித்தவர்கள் கொதித்தது மானம். மொழிக்காக, சந்தேஷுக்காக, வாழைக்காய் என்ற சொல்லுக்காக எழுந்தது. அது பாதி நியாயம். ஸ்டீபன் ஹவுஸ் கதை கட்டியவர்களுடையது மாயை, அதாவது வஞ்சனை. எங்கள் அப்பாவுடையது லோபம். கூட்டத்தில் நின்று பார்த்தால் நான்கும் ஒரே குரலாகத்தான் கேட்கும். பிரித்துக் காட்டுவது ஆராய்ச்சியாளனின் வேலை. பிரிக்காமல் மக்கள் கோபம் என்று மொத்தமாகப் புகழ்ந்தால் லோபத்துக்கும் அதில் பங்கு கிடைத்துவிடும். பிரிக்காமல் வெறும் துவேஷம் என்று மொத்தமாக இகழ்ந்தால் பசித்தவளின் பிராது குப்பைக்குப் போய்விடும்.

தத்வார்த்த சூத்திரம், களவு செய்யாமை என்ற விரதத்துக்கு வரும் மாசுகளில் அரசின் தடையை மீறிய வாணிபத்தையும் கள்ள அளவையும் எண்ணுகிறது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில், பொருள் வரைதல் விரதத்தின் மாசுகளில் அளவு மீறிச் சேர்த்து வைத்தலைச் சொல்கிறார். இல்லறத்தார்க்கான அந்த விரதங்களைத் தமிழில் நமக்குச் சொல்லும் நூல் அருங்கலச்செப்பு. எங்கள் வீட்டு அலமாரியில் அது இருந்தது. கொல்லையில் உமி இருந்தது.

மாற்றம் வந்ததே, அதனால் பசி தீர்ந்ததா என்று கேட்கலாம். வங்கத்தில் 1967 மார்ச்சில் வந்த ஐக்கிய முன்னணி அரசின் உணவு அமைச்சர் பிரபுல்ல சந்திர கோஷ் கடுமை காட்டாமல் நிலக்காரர்களிடம் வேண்டிக்கொண்டு பார்த்தார். கொள்முதல் படுத்தது, தட்டுப்பாடும் விலையும் ஏறின, நவம்பரில் அந்த அரசும் போயிற்று. தமிழ்நாட்டில் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கியது. தலைவர் மாறியதும் குதிரிலிருந்த நெல் தானாக வெளியே வந்துவிடவில்லை. வெறுப்புக்கு ஆட்சியை மாற்றும் சக்தி உண்டு. கிடங்கைத் திறக்கும் சக்தி அதற்கு இல்லை.

மீண்டும் ஒரு முறை

இந்த நகரத்தில் இதை நான் என் கண்ணாலும் ஒருமுறை கண்டேன். புத்ததேவ் பட்டாச்சார்யா நேர்மையானவர், கவிதை படிப்பவர், பாம் அவென்யூவில் இரண்டு அறைக் குடியிருப்பில் கடைசிவரை இருந்தவர். சிங்கூரில் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்ததில் ஆரம்பித்தது. 2007 மார்ச் 14இல் நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். அதன்பின் இதே தெருக்களில் அவர் உருவத்தில் ரத்தம் பூசிய தட்டிகளைப் பார்த்தேன். 2011இல் ஜாதவ்பூரில் தோற்றார். 2024 ஆகஸ்ட் 8இல் மறைந்தபோது, திட்டியவர்களும் வரிசையில் நின்று பூப்போட்டார்கள். என் கடைக்கு வரும் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுஷர்" என்றார். 2007இல் அவரே என் கடையில் நின்று சபித்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் கண்ணீர் முந்திய சாபத்தைப் பொய்யாக்கிவிடாது. 14 உயிர் 14 உயிர்தான். நல்ல மனிதர் ஒருவர் கெட்ட காரியத்துக்குப் பொறுப்பாக முடியும் என்ற இரண்டு உண்மையையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள மக்களுக்குச் சிரமமாக இருக்கிறது. அதனால் உயிரோடு இருக்கும்போது ஒன்றையும், செத்த பிறகு மற்றொன்றையும் பிடித்துக்கொள்கிறோம்.

முடிவாக

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து சொல்லக்கூடியது சிறிதுதான். ஒரு தலைவர்மீது ஊரே கொதிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். காயம் உண்மையா? அதற்கு அவர் எந்த அளவு பொறுப்பு? அவரைத் திட்டுவதால் வேறு யார் மறைந்துகொள்கிறார்கள்? முதல் கேள்வியைத் தலைவர்கள் கேட்க மறுக்கிறார்கள். இரண்டாவதைக் கட்சிகள் மறுக்கின்றன. மூன்றாவதைக் கேட்க மறுப்பவர்கள் நாம், குறிப்பாக என்னைப் போன்ற வியாபாரிகள்.

பிரபுல்ல சேன் சொரூப்நகருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வாழைக்காய்க்கும் ஸ்டீபன் ஹவுசுக்கும் அல்ல. அதேபோல அந்த அறுபது மூட்டைக்கு பக்தவத்சலம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. அதற்கான பதிலை நான்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள். ஆரணிச் சேலை நெய்து எனக்கு அனுப்புகிற தறிகளில் ஒன்று அவர்களுடையதாகவும் இருக்கலாம்.